குளிரப் பிசைந்த திருநீறு

திருவனந்தபுரத்து ஆரியசாலையில் கொத்தமல்லியும் மிளகாய் வற்றலும் மொத்த விலைக்கு விற்கும் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், குளிப்பாட்டின ஈரம் காய்வதற்குள் ஒருத்தி சிறு கிண்ணத்தோடு வந்து நிற்பாள். மெலிந்த உடம்பு. இப்போதுதான் அழுது முடித்தவளைப் போன்ற முகம். நெற்றி நிறையத் திருநீறு, கிண்ணத்திலும் திருநீறு. அவள் பெயர் வடிவாம்பாள். மல்லிக் கடை பூதலிங்கம் பிள்ளையின் மனைவி.

“வடிவு அக்கா வந்தாச்சு. இனி பிள்ளைக்கு ஒண்ணும் வராது” என்று பெற்றவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள்.

அந்த நிம்மதிதான் எத்தனை கொடியது!

வடிவாம்பாள் பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வாழ வந்தவள். மணமாகி நெடுநாள் கழித்து, 1948 ஆடியில், அவளுக்கு முதல் பிள்ளை பிறந்தான். அழகான பிள்ளை. வீறிட்டு அழுதான், ஆவலாய்ப் பால் குடித்தான். தொப்புள்கொடி அறுத்த இடத்தில், குல வழக்கப்படி, சாலைக் கடையில் வாங்கிய திருநீற்றை வைத்துக் கட்டினார்கள்.

ஒரு வாரம் அவள் தாயாக இருந்தாள். ஏழாம் நாள் காலையில் பிள்ளை பால் குடிக்கவில்லை. பசி இருந்தது, அழுகை இருந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. உதடுகள் சுருக்குப் பை போலக் குவிந்துகொண்டன. மதியத்துக்குள் உடம்பு விறைத்து, முதுகு வில்லாக வளைந்தது. யாராவது தொட்டால் வளைந்தது. பாத்திரம் ஒன்று கீழே விழுந்தால் வளைந்தது. பெற்ற தாய் அள்ளி எடுத்தாலும் வளைந்தது! தன் கை பட்டால் பிள்ளைக்கு வலிக்கிறது என்று தெரிந்து, வடிவாம்பாள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவன் இல்லை.

பூதலிங்கம் பிள்ளைக்கு ஒரு தமக்கை. சொர்ணம்மாள் என்று பெயர். இளம் வயதில் கணவனை இழந்து தம்பி வீட்டோடு இருந்தவள். ஈரமற்றவள் அல்ல. ஆனால் எந்தச் சாவுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்காமல் அவளால் சோறு உண்ண முடியாது.

“கடையில வாங்கின திருநீறு. எந்த அடுப்புச் சாம்பலோ!” என்றாள். “நெருப்பில வெந்த சூட்டை அப்படியே கொண்டு பச்சைத் தொப்புள்ல வெச்சா, பிஞ்சு தாங்குமா? அந்தச் சூடுதான் ஏளா பிள்ளையை முறுக்கிப் போட்டுது.”

நொந்த மனத்தில் விழுந்த சொல் விதையைப் போன்றது. அடுத்த மாதமே வடிவாம்பாள் தன் வளையலை விற்று ஒரு பசு வாங்கினாள். திருநீறு செய்யக் கற்றுக்கொண்டாள். சாணம் தரையில் விழுமுன் வாழையிலையில் ஏந்துவாள். உருட்டிக் காயவைத்து, உமி மூட்டத்தில் வேகவைத்து, வெள்ளைத் துணியில் சலிப்பாள். இது நெற்றிக்கு.

குழந்தைகளுக்கென்று அவள் தனியாக ஒன்று செய்தாள். அது அவளே கண்டுபிடித்தது. அவள் அன்பு கண்டுபிடித்தது. வெந்த திருநீற்றின் சூடு தணிய வேண்டுமல்லவா? அன்றைய சாணத்தைத் துணியில் கட்டிப் பிழிந்து, அந்தச் சாற்றைத் திருநீற்றில் விட்டுக் குளிரக் குளிரப் பிசைந்தாள். மறுபடி தீயில் இடாமல் நிழலில் உலர்த்தி, விரலால் நொறுக்கிக் கிண்ணத்தில் வைத்தாள். பட்டுப் போலிருந்தது அது.

1950இல் பெண் பிறந்தது. அந்தப் பிஞ்சுத் தொப்புளில் குளிரப் பிசைந்த திருநீற்றைத் தன் கையாலேயே வைத்தாள் வடிவாம்பாள்.

அந்தப் பெண்ணும் அதே வழியில் போயிற்று.

“விடு வடிவு. நமக்கு விதியில்லை” என்று பூதலிங்கம் பிள்ளை பசுவை விற்கப் பார்த்தார். சொர்ணம்மாள் விடவில்லை. “ஒனக்க கர்மத்துக்குத் திருநீறு என்ன செய்யும்? ஊர்ப் பிள்ளையளுக்குக் குடு. நாலு பிள்ளை வாழ்த்தினா ஒனக்க மடி நிறையும்” என்றாள்.

இப்படித்தான் வடிவாம்பாள் கிண்ணத்தோடு சந்தில் இறங்கினாள். பெரும்பாலான குழந்தைகள் பிழைத்தன. பிழைத்தால் அது திருநீற்றின் மகிமை. வாயடைத்துச் செத்தால் கண்ணேறு, கிரக தோஷம், தாய் பத்தியம் தவறியது. சாவுக்குச் சாட்டுகள் நிறைய இருந்தன. அந்தக் கிண்ணத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

1953 தை மாதத்தில் மூன்றாம் வீட்டுச் சிவகாமிக்கு ஆண் குழந்தை பிறந்தது. சிவகாமி இருபது வயதுப் பெண். ‘அக்கா, அக்கா’ என்று வடிவாம்பாளைச் சுற்றிச் சுற்றி வருபவள். திருநீற்றைத் தானே வைத்துக் கட்டிவிட்டு வந்தாள் வடிவாம்பாள். ஏழாம் நாள் சிவகாமியின் அலறல் சந்து முழுக்கக் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தவளுக்கு அந்தக் குவிந்த உதடு போதுமாயிருந்தது.

“எடுக்காதே மக்கா” என்று சிவகாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ தொட்டா அவனுக்கு வலிக்கும். எனக்குத் தெரியும்.”

அன்று அந்த வீட்டுக்கு ஜெயபாயும் வந்தாள். தெற்கே மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. நகரத்துப் பிரசவங்களைப் பார்க்கப் புதிதாய் நியமிக்கப்பட்டிருந்த நர்ஸ். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கழுத்தில் சிறு சிலுவை. குழந்தையைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போயிற்று. ஊசி மருந்துக்கும் நேரம் கடந்துவிட்டிருந்தது. மாலையில் எல்லாம் முடிந்த பிறகு, தொப்புள் கட்டை அவிழ்த்துப் பார்த்து, “இது என்ன வெச்சீங்க?” என்றாள்.

“திருநீறு” என்றாள் வடிவாம்பாள்.

“சாம்பல் மட்டும்தானா? ஈரமா ஒட்டியிருக்கே.”

பெருமையோடு, ஆம், பெருமையோடுதான், வடிவாம்பாள் தன் செய்முறையைச் சொன்னாள். கேட்கக் கேட்க ஜெயபாய் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“அக்கா, இதுல விஷம் இருக்கு. ரண ஜன்னிக் கிருமி. மாட்டுக்க குடல்லதான் அதுக்கு வாசம். க்ளாஸ்ட்ரிடியம்ன்னு ஒரு குடும்பம்…”

சொர்ணம்மாள் குறுக்கே விழுந்தாள். “பேரைப் பாரு! ஏதோ துரைசாணியைக் கூப்பிடுகது போலல்லா இருக்கு. எந்தத் தெருவாக்கும் அந்தக் குடும்பம்?”

அந்தச் சாவு வீட்டிலும் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். ஜெயபாய் சிரிக்கவில்லை. “இனி யாருக்கும் இதை வைக்காதீங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்.”

“பிடிக்காண்டாம்!” என்று சொர்ணம்மாள் சீறினாள். “வேதக்காரிக்கு நெத்தியில பூச ஒண்ணும் கிடையாது. அதான் எங்க திருநீறு கிருமியாட்டுத் தெரியுது. செத்த வீட்டுல வந்து மதம் பரப்புகியோ? இறங்குட்டி வெளியே!”

வடிவாம்பாள் நகர்ந்து சொர்ணம்மாளின் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஜெயபாய் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகும் அந்தச் சந்தில் பிள்ளைகள் பிறந்தன. கிண்ணமும் போய்க்கொண்டுதான் இருந்தது.

1955 தொடக்கத்தில், யாரும் எதிர்பாராத வேளையில், வடிவாம்பாள் மீண்டும் கருவுற்றாள். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. சந்தே கொண்டாடியது. ‘ஊர்ப் பிள்ளைகளின் வாழ்த்து பலித்துவிட்டது’ என்றார்கள். அவளோ உள்ளூரச் செத்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை அசையும்போதெல்லாம் அவள் கண்முன் வந்தது அந்த ஏழாம் நாள்தான். இன்னொரு முறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியாது. இந்தப் பிள்ளையும் போனால் அவளும் போய்விடுவாள். அதை அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஒரு நாள் பிற்பகல், கோயிலுக்கென்று வீட்டில் சொல்லிவிட்டு, பாளையத்தில் ஜெயபாய் குடியிருந்த வாடகை அறையைத் தேடிப் போனாள்.

கதவைத் திறந்த ஜெயபாய் அவள் வயிற்றைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“நர்சம்மா, அன்னைக்கு நீ சொன்னது… உன் சாமிக்காகச் சொன்னியா?”

ஜெயபாய் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பிறகு தாழ்ந்த குரலில், “எங்க வீட்டுலயும் ஒரு பிள்ளை போச்சு அக்கா” என்றாள்.

வடிவாம்பாள் நிமிர்ந்தாள்.

“எனக்க அக்கா பிள்ளை. ஞானபாய்ன்னு பேரும் வெச்சாச்சு. எங்க அம்மைதான் பேறு பார்த்தா. தொப்புள் சீக்கிரம் காயட்டும்ன்னு வறட்டியை எரிச்ச சாம்பலை மாட்டுத் தொழுத்துல இருந்து அள்ளி வெச்சா. அது திருநீறு இல்ல அக்கா, வெறும் சாம்பல். ஒரு மந்திரமும் கிடையாது. பக்கத்துல இருந்து ராப்பகலா ஜெபம் செய்தோம். ஏழாம் நாள் வாய் அடைச்சுட்டுது. உதடு இப்படிக் குவிஞ்சு…”

“போதும்!” என்று காதைப் பொத்திக்கொண்டாள் வடிவாம்பாள்.

“உங்க வீட்டுச் சாவும் எங்க வீட்டுச் சாவும் ஒரே சாவு. அதுக்கு அப்புறம்தான் நான் நர்சுக்குப் படிக்கப் போனேன். அங்க பெருசாக் காட்டுற ஒரு கண்ணாடியில அதைக் காட்டினாங்க. செண்டைக் கோல் மாதிரி இருக்கும், ஒரு முனையில உருண்டை வெச்சு. பசுவுக்க குடலுக்குள்ள காற்றே போகாத இடத்துல அது பாட்டுக்கு இருக்கும். பசுவுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. அந்தக் குடும்பத்துல முக்காவாசியும் சாதுதான். சாணத்தோட வெளிய வந்தா, விதை மாதிரி உறங்கிப்போகும். வெயில்ல சாகாது, வருஷம் போனாலும் சாகாது.”

“தீயில கூடவா?”

“நல்ல தீயில சாகும். கடையில விக்கிறது அரைகுறையா வெந்ததா இருக்கும். நீங்க தீயில வெந்ததுல, மறுபடி பச்சைச் சாணச் சாறு விட்டுப் பிசைஞ்சீங்களே அக்கா! கொடி அறுத்த இடம் வாடிச் சுருங்கும்போ அதுக்குள்ளயும் காற்று போகாது. அந்த இருட்டு அதுக்குத் தன் வீடு மாதிரி. அங்க முளைச்சு விஷம் கக்கும்.”

“அப்ப… பிழைச்ச பிள்ளையள்?”

“எல்லாச் சாணத்துலயும் எல்லா நாளும் இருக்காது. இல்லாத அன்னைக்குப் பிழைச்சுது.”

வடிவாம்பாள் எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்றாள். “நெத்தியில பூசலாமா?”

“தாராளமாப் பூசுங்க. நெத்தி மூடின தோல். தொப்புள் திறந்த வாசல்.”

அவள் நம்பினாளா? பாதிதான் நம்பினாள். முழுதும் நம்பினால், இறந்த பிள்ளைகள் விஷயத்தில் தான் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியை வயிற்றுப் பிள்ளைக்காகத் தள்ளி வைத்தாள்.

புரட்டாசியில் வலி எடுத்தது. வடிவாம்பாள் சொல்லியனுப்ப ஜெயபாய் வந்தாள். நூலையும் கத்தரிக்கோலையும் வெந்நீரில் கொதிக்க வைத்துக் கொடி அறுத்து, வெள்ளைத் துணியால் கட்டினாள். ஆண் குழந்தை. அவன் குரல் கேட்டுப் பூதலிங்கம் பிள்ளை முற்றத்திலேயே விழுந்து வணங்கினார். அப்போது சொர்ணம்மாள் கிண்ணத்தோடு அறைக்குள் வந்தாள்.

“அந்தக் கட்டை அவிழு.”

வடிவாம்பாள் குழந்தையின் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். “வேண்டாம் மைனி.”

“என்னளா வேண்டாம்? ஊருக்கெல்லாம் கொடுத்த கை! ஒனக்க பிள்ளைக்கு மட்டும் மறுக்கியோ?”

“மறுக்கேன்.”

“அப்ப ஊர்ப் பிள்ளைக்கு எதுக்கு வெச்சே?”

வடிவாம்பாளின் கண்ணீர் பொலபொலவென்று குழந்தையின்மேல் விழுந்தது. கையை அவள் எடுக்கவில்லை.

சொர்ணம்மாள் தம்பியிடம் திரும்பினாள். “ஏலே பூதலிங்கம், நீ ஆம்பிளையா இருந்தா சொல்லு. இவளைப் பைத்தியமாக்கிப் போட்டா அந்த வேதக்காரி!”

பூதலிங்கம் பிள்ளை மனைவியின் முகத்தைப் பார்த்தார். தமக்கையின் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். “திருநீறு வெச்சு ரெண்டு தரம் பார்த்தாச்சு அக்கா” என்றார். “இந்தத் தரம் அவள் சொன்னபடி இருக்கட்டும். போனா அவளுக்கும் எனக்குந்தானே போச்சு.”

சொர்ணம்மாள் கிண்ணத்தோடு வெளியேறினாள். ஆனால் அந்த வீட்டில் யாரும் உறங்கவில்லை. வடிவாம்பாள் குழந்தையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. தான் அகன்றால் மைனி வந்து வைத்துவிடுவாளோ என்று, நீராடப் போகும்போது கணவனை வாசலில் நிறுத்தினாள். வேளைக்கு வேளை சுண்டுவிரலைக் குழந்தையின் உதட்டில் வைத்துப் பார்ப்பாள். வாய் திறக்கிறதா? திறந்தது. சப்புகிறதா? சப்பியது. ஆறாம் நாள் அவளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

ஏழாம் நாள் விடிந்தது. குழந்தை பசித்து அழுதது. மார்பில் சேர்த்தாள். வாய் அகலத் திறந்து பற்றிக்கொண்டது! எட்டாம் நாளும், ஒன்பதாம் நாளும் அப்படியே. தொப்புள்கொடி காய்ந்த பூங்காம்பு போல உதிர்ந்து விழுந்தது. அடியில் தோல் சுத்தமாக ஆறியிருந்தது.

பூதலிங்கம் பிள்ளை கற்கண்டு வாங்கி வந்து சந்து முழுக்கக் கொடுத்தார். வடிவாம்பாள் ஒரு துண்டைக்கூட வாயில் போடவில்லை. பால் குடிக்கும் பிள்ளையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் விடும் ஒவ்வொரு மூச்சும் ஒரு தீர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தது. இவன் பிழைத்தான் என்றால், அவன்? அவள்? சிவகாமியின் பிள்ளை? நர்ஸ் சொன்ன பிறகும் கிண்ணம் ஏறி இறங்கிய வீடுகள்? இந்தப் பிள்ளை செத்திருந்தால் அவள் விதியின்மேல் பழி போட்டு அழுதிருக்கலாம். உயிரோடிருந்து அவன் அந்த ஆறுதலையும் பறித்துவிட்டான்.

சில வாரம் கழித்துச் சிவகாமி பார்க்க வந்தாள். அவளும் இப்போது கர்ப்பிணி. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சினாள்.

“மீசை மட்டுந்தான் பாக்கி! அப்படியே அத்தானை உரிச்சு வெச்சிருக்கான். அக்கா, ஒனக்க திருநீறு கொஞ்சம் இப்பமே எடுத்து வெச்சிரு. எனக்கு மார்கழியில. இந்தத் தரம் கூடுதல் வைக்கணும் கேட்டியா?”

மறைத்துவிடலாம். ‘பசு வற்றிவிட்டது’ என்று ஒரு பொய் போதும். ஆனால் இவள் வேறெங்காவது வாங்கி வைப்பாளே! அப்போது அந்தப் பிள்ளையும்…

வடிவாம்பாள் தரையில் இறங்கிச் சிவகாமியின் காலடியில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

சிவகாமி முதலில் விளங்காதவள் போல் சிரித்தாள். பிறகு சிரிப்பு முகத்திலேயே உறைந்தது.

“நர்ஸ் அன்னைக்கே எனக்க வீட்டுல வெச்சுச் சொன்னா. ஒனக்கு எப்ப விளங்கிச்சு?”

“இவன் பிழைச்சப்போ.”

“ஒனக்கொரு பிள்ளை வாற வரைக்கும் விளங்கேல்ல.”

“இல்ல மக்கா.”

“தொடாதேன்னு நீ சொன்னே.” சிவகாமியின் குரல் உடைந்தது. “நீ சொன்னதுனால அவனை நான் எடுக்கேல்ல அக்கா! எனக்க மடியில கூட அவன் சாகேல்ல. அதையும் நீதான் எடுத்துக்கிட்டே!”

வடிவாம்பாள் தலையைத் தரையில் வைத்தாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பாள். சிவகாமி அடிக்கவில்லை. மடியிலிருந்த குழந்தையைப் பத்திரமாகப் பாயில் கிடத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். மார்கழியில் ஜெயபாயைத்தான் அழைத்தாள். அந்தக் குழந்தை பிழைத்தது. வடிவாம்பாளின் வீட்டுப் படியை அவள் அதன் பிறகு மிதிக்கவே இல்லை.

வடிவாம்பாள் பசுவை விற்றாள். கொடுத்த திருநீற்றைக் கேட்டு வீடு வீடாகப் போனாள். “திருநீற்றைத் திருப்பிக் கேட்கவாளா வந்தே? கலி முத்திப் போச்சு” என்று விரட்டினார்கள். சொர்ணம்மாளோ பக்கத்துத் தொழுவத்தில் சாணம் வாங்கி, தம்பி கடைக்குப் போன நேரம் பார்த்துத் தானே பிசைந்து, புழக்கடை வழியாகக் கொடுக்கத் தொடங்கினாள். தம்பி மனைவியின் பேரால் வந்த புகழை அவள் விடவில்லை.

அடுத்த வருடம் தெற்குத் தாலூகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரும் பேச்சுத்தான் ஆரியசாலையில் எங்கும். சந்தில் மட்டும் பேச்சு வேறாக இருந்தது. எந்த வீட்டில் பெண்ணுக்கு வலி எடுத்தாலும், கிண்ணம் வருமுன் வடிவாம்பாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பாள். முதலில் கிருமி, குடல், காற்று என்று ஜெயபாய் சொன்னதைச் சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. கேட்க வைக்கும் சொல் ஒன்றே ஒன்றுதான் என்று கண்டுகொண்டாள். ஒவ்வொரு வாசலிலும் அதைச் சொன்னாள்.

“எனக்க ரெண்டு பிள்ளையளையும் நான்தான் கொன்னேன். சிவகாமி மகனையும் நான்தான் கொன்னேன். நீங்க வைக்காதீங்க.”

சிலர் கேட்டார்கள். சிலர் காறி உமிழ்ந்தார்கள். அந்த ஐப்பசியில் ஒரு வீட்டில், “நல்ல நாளும் அதுவுமா பிள்ளையத் தின்னி வந்து நிக்குகா, கதவைச் சாத்து!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. கதவு சாத்தப்பட்டது. வடிவாம்பாள் படியில் உட்கார்ந்து, மகனை மடியில் கிடத்தி, மூடிய கதவைப் பார்த்து அதே சொல்லை இன்னும் உரக்கச் சொன்னாள்.